மஞ்சள் பால்

பிலிஸ் அப்பாவுக்கு,

பிலிஸுக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது. அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். பாவ் ரொட்டி டப்பாவில் இருக்கிறது. குழம்பை நீங்களே சுடவைத்துக்கொள்ளுங்கள்.

பத்து மணிக்கு மாட்டு டாக்டர் குல்கர்ணி வருவார். பதினொரு பன்றிக்குட்டிகளில் ஏழு ஏன் செத்தன என்று கேட்பார். என் தலையில் கட்டாமல் நீங்களே சொல்லுங்கள்: "மஞ்சளா வந்த மொதப் பாலு கெட்ட பாலுன்னு நெனச்சேன். பொண்டாட்டி ஊர்ல இல்லாத ரெண்டு நாளும் குட்டிங்களத் தாய்கிட்ட விடல. டப்பாப் பால்தான் குடுத்தேன்."

நோயைத் தாங்கும் சக்தியே அந்தப் பாலில்தான் என்று அவர் போன தடவையே சொன்னார். மாடு மாதிரி தலையாட்டினீர்கள்.

மிச்சம் நாலையும் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். ஓட்டல் மிச்சத்தை வேகவைத்தே தாய்ப்பன்றிக்குப் போடுங்கள். கொட்டகைச் சாவி ஆணியில் தொங்குகிறது.

பிலிஸ் பிறந்தபோதும் உங்கள் அம்மா என் முதல் பாலைப் பீய்ச்சிக் கொட்டச் சொன்னார். கிண்ணம் பிடித்தது நீங்கள். அன்று நான் வாயைத் திறக்கவில்லை.

லூர்து

குழந்தை பிறந்ததும் ஆஸ்பத்திரிக்கு ஓடி வரவேண்டாம். அது முதல் பாலைக் குடித்து முடித்த பிறகு ஆள் அனுப்புகிறேன்.