மழைச் சீட்டு

14 ஜூன் 2015, மண்ணூர்
ஞாயிறு. பக்கத்து அறையில் ஒடிசாக்காரர்கள் சப்பாத்தி சுடுகிறார்கள். ஒருகாலத்தில் நானும் கோமதியும் இன்னும் நாலு பெண்களும் இருந்த அறை. 2008 மழையில் முழங்கால் தண்ணீர் வந்தபோது, பகல் முழுக்க ஒரே கட்டிலில் ஆறு பேரும் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தோம். பயத்தை மறைக்கத்தான். அப்புறம் ஆரம்பித்ததுதான் மழைச் சீட்டு. சம்பளத்தன்று ஆளுக்குக் கொஞ்சம், அடுத்த மழைக்கென்று. போன வருடம் கம்பெனியை மூடியதும் எல்லாரும் ஊருக்குப் போய்விட்டார்கள். பணம் மட்டும் என் கணக்கில். நானும் வருகிற தையில் ஊருக்குக் கிளம்ப வேண்டியவள்தான்.

21 ஜூன்
பணத்தைப் பிரித்து அனுப்பவா என்று கோமதியிடம் கேட்டேன். "ஏட்டி, மழைக்குன்னு சேத்த துட்டு. மழைக்கே செலவழி. மத்தவளுககிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."
எதற்குச் செலவழிக்க? அன்று வெள்ளத்தில் தலைக்கு மேல் நல்ல மொட்டைமாடி இருந்தது, ஏறத்தான் வழியில்லை. இன்றும் இல்லை.

5 ஜூலை
சீட்டுப் பணத்தில் மாடிப்படி போட்டுக்கொள்ளட்டுமா என்று வீட்டுக்கார ராஜம்மா அக்காவிடம் கேட்டேன். "இன்னாமே, படி வச்சா ஆம்பளைங்க மேல ஏறிக் குடிச்சிக்கினு கெடப்பானுங்க. வாடகைக்கு கீற உனக்கு இன்னாத்துக்கு இந்த வேல?"
சரிதானே. யார் வீடு, யார் படி? ஆனாலும் அழுகை வந்துவிட்டது.

26 ஜூலை
அக்காவே வந்தார். "அன்னிக்கு உங்களுக்குக் கஞ்சி எடுத்தாந்தேனே, தண்ணில நின்னு. நீங்க பாடுனது இன்னும் காதுலயே கீது. போட்டுக்கோ."

16 ஆகஸ்ட்
வெல்டர் இரும்புப் படியைப் பொருத்திவிட்டார். சீட்டுப் பணம் தீர்ந்தது. முதலில் நான்தான் ஏறினேன். தூரத்தில் எங்கள் பழைய கம்பெனி, விளக்கில்லாமல். ஷிப்ட் பஸ்ஸில் ஜன்னலோரத்துக்கு எத்தனை சண்டை! ஐந்து பேரில் ஒருத்தியாவது பக்கத்தில் இருந்திருக்கலாம்.

2 டிசம்பர்
மாடியில், தார்ப்பாய்க்கு அடியில் எழுதுகிறேன். கீழே இடுப்பளவு தண்ணீர். எல்லா அறைக்காரர்களும் இங்கேதான். அக்காவை ஒடிசாக்காரர்கள் நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். யாருக்கும் ஒன்றுமில்லை. கோமதிக்குச் சொல்லலாமென்றால் போன் கிடைக்கவில்லை—

13 டிசம்பர்
காலை முதல் சேறு கழுவினோம். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அக்கா கேட்டார்: "அந்தச் சீட்டுல என்னியும் சேத்துக்குவியா?" ஒடிசாக்காரர்கள் ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள்.
தையில் வரவில்லை என்று சாயங்காலம் அம்மாவுக்கு போன் செய்து சொன்னேன்.