இரண்டாவது ட்யூப்

பதிவு எண் 163
2024 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை, காலை 7.40. பிஷ்கெக், கிர்கிஸ்தான்.
(பதிவு எண் என்பது ஆண்டின் நாள் எண். நெட்டாண்டு ஆதலால் பிப்ரவரிக்குப் பிந்தைய நாள் எண் ஒன்று கூடுதல்.)

காலை 7.15க்கு மகள் நாசிரா தொலைபேசியில் அழைத்தாள். இவ்வாண்டு இசிக்-குல் ஏரிக்கு ஜூலை 6 முதல் 12 வரை, ஏழு நாள். தங்கும் வீடு பிடித்தாயிற்று. ரொட்டியும் தர்பூசணியும் வழியில் வாங்கிக்கொள்ளலாமாம். என் பொறுப்பில் விடப்பட்டது ஒன்றே ஒன்று.

"அப்பா, சன்ஸ்கிரீன் எவ்வளவு வேணும்னு இந்தத் தடவை நீங்களே ஒழுங்கா கணக்குப் போட்டுடுங்க. போன வருஷம் மாதிரி ஆயிடக்கூடாது."

'ஒழுங்கா' என்பதை அவள் அழுத்திச் சொல்லவில்லை. எனக்குத்தான் அழுத்தமாகக் கேட்டது.

முப்பத்தொரு ஆண்டுகள் எடை அளவு ஆய்வாளராக இருந்தவனுக்கு இது பெரிய கணக்கன்று. உடல் முழுவதும் ஒரு முறை பூச ஏழு தேக்கரண்டி, அதாவது 35 மில்லி. நாளைக்கு மூன்று முறை. நான், நாசிரா, மருமகன் எமில், என் தங்கை புருல் என நான்கு பேர். ஏழு நாள்.

35 × 3 × 4 × 7 = 2,940 மில்லி.

நூறு மில்லி ட்யூபாக வாங்கினால் முப்பது. எமிலிடம் வாசித்துக் காட்டினேன்.

"மாமா, இது பூசிக்கவா, குளிக்கவா? பேசாம ஏரிக்கே போக வேணாம், இதுலயே நீந்திக்கலாம்."

சட்டை மறைக்கும் பகுதிகளைக் கழித்து மீண்டும் போட வேண்டும். தவிர, நான்கு பேர் என்பதும் உறுதியில்லை. புருல் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம்.

பதிவு எண் 164
ஜூன் 12, புதன்கிழமை, காலை 9.05.

பட்டியலில் புருலின் பெயரை அடித்தேன். பின் அதையே மீண்டும் எழுதினேன்.

பதிவு எண் 167
ஜூன் 15, சனிக்கிழமை, பிற்பகல் 3.20.

அவளுக்கு மட்டும் தனியாகக் கணக்கிட்டேன். ஏன் கணக்கிட்டேன்?

புருலுக்கு வயது 66. இதயத் துடிப்பைச் சீராக்க ஒரு மாத்திரை உண்கிறாள்; அதை உண்பவர்களின் தோல் வெயிலைப் பொறுக்காது. முகம், கழுத்து, இரு கைகள்: 15 மில்லி. அவள் காலையில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையுமே வெளியே வருவாள். நாளைக்கு 30. ஏழு நாளுக்கு 210.

சென்ற ஆண்டு அவள் தன் பையில் வைத்திருந்தது இரண்டு ட்யூப். 200. நாற்பது ஆண்டுகள் மருந்தளவு பார்த்த செவிலியின் கை, தாளும் பேனாவும் இல்லாமலே எவ்வளவு கிட்டத்தில் போட்டிருக்கிறது!

இரண்டில் ஒன்றை எடுத்தவன் நான்.

2023 ஜூலை 8, சனிக்கிழமை, காலை 5.50. என் வீட்டு வாசலில் கார் டிக்கியில் சாமான் அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒரே ஆளுக்கு ஒரே பொருள் இரண்டு எதற்கு என்று தோன்றியது. ஏரியில் காற்று குளிராக இருக்கும்; குளிர்ந்த இடத்தில் வெயில் சுடாது என்று இந்த ஊரில் எல்லோரையும்போல நானும் நம்பிக்கொண்டிருந்தேன். எடுத்ததைச் செருப்பு அலமாரிக்குள் வைத்தேன். அவளிடம் சொல்லவில்லை. டிக்கிக்கு முன் நின்று மூத்தவன் செய்வதை எங்கள் குடும்பத்தில் யாரும் கேட்பதில்லை. நானும் சொல்லிப் பழக்கமில்லை.

100 ÷ 30 = 3.33. நான்காம் நாள் காலையில் தீர வேண்டும். நான்காம் நாள் காலையில்தான் தீர்ந்தது. அன்று மாலை அவள் இரு கைகளிலும் கொப்புளம். புளித்த பாலேட்டைப் பூசச் சொன்னதும் நானே. நம் வீடுகளில் அதுதானே வழக்கம். எரிச்சல் இரட்டிப்பாயிற்று. மீதி நாட்களைத் திரை இழுத்த அறையில் கழித்தாள்.

"ரெண்டு வெச்சேனே அண்ணே. கையால எடுத்து வெச்சது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கே," என்றாள்.

"மறந்திருப்பே புருல். வயசாகுதில்ல," என்றேன்.

நான்தான் சொன்னேன். என் அலமாரியில் அது இருப்பது தெரிந்தே சொன்னேன்.

மூத்தவன் சொன்னால் அவள் மறுக்கமாட்டாள், நம்புவாள். நம்பினாள். செப்டம்பர் 4 அன்று மருத்துவமனையின் தடுப்பூசி அறை வேலையை விட்டாள்.

பதிவு எண் 168
ஜூன் 16, ஞாயிற்றுக்கிழமை, மாலை 5.45. குர்மான் பெருநாள் (பக்ரீத்).

நாசிரா வீட்டில் விருந்து; எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டுகளான போர்சோக் நிறைய. புருலும் வந்திருந்தாள். ஏரிக்கு அழைத்தார்கள்.

"என்னைக் கூட்டிட்டுப் போனா என்னைத் தேடவே ஒரு ஆள் வேணும்," என்று சிரித்தாள்.

எமில் விடவில்லை. "வாங்க அத்தை, இந்த வருஷம் ட்யூபைக் கயித்துல கோத்து உங்க கழுத்துல மாட்டி விட்டுடறேன். ஆட்டுக்குட்டிக்கு மணி கட்டற மாதிரி."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்தபடியே கைப்பையிலிருந்து ஒரு சிறு குறிப்பேட்டை எடுத்து எதையோ எழுதினாள். அருகில் அமர்ந்திருந்ததால் படித்தேன். 'போர்சோக் போட்டுக் கொடுத்த தட்டு நாசிராவினுடையது. திருப்பித் தர வேண்டும்.' அதற்கு மேல்: 'அடுப்பு அணைத்தேன், 10.10. மீண்டும் பார்த்தேன், 10.14. மீண்டும், 10.20.'

நேரம் குறிப்பது எங்கள் குடும்பத்தில் என் வழக்கமாக மட்டுமே இருந்தது.

"ஏன் அத்தை, ஊசி போடற வேலைக்கே திரும்பிப் போயிடலாமே? பொழுதாவது போகும்," என்றாள் நாசிரா.

"ஒரு ட்யூப் வெச்சேனா இல்லையான்னு தெரியாதவ, எந்தக் குழந்தைக்கு எந்த ஊசி போட்டேன்னு எப்படிடி சொல்லுவேன்? வேண்டாம்மா. நம்ம அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. இல்லையா அண்ணே?"

என்னைப் பார்த்துக் கேட்டாள். வாயில் போர்சோக் இருந்தது. தலையை ஆட்டினேன். ஆம் என்றா, இல்லை என்றா? எனக்கே தெரியாதபடி ஆட்டினேன்.

பதிவு எண் 170
ஜூன் 18, செவ்வாய்க்கிழமை, காலை 6.30.

சொல்லிடலாம். சொல்லிட்டா என்ன ஆகும்? எழுபத்து நாலு வயசுல எமில் முன்னாடி தலை குனிஞ்சு நிக்கணும். அவ்வளவுதானே? அவ்வளவுதானா?

எடுத்தது குற்றமன்று, தவறு. மறைத்தது? தராசுக்கு அடியில் காந்தம் வைத்த கடைக்காரர்களை நான் விட்டதில்லை. "தெரியாம நடந்துடுச்சு ஐயா" என்பார்கள். முதல் நாள் தெரியாமல் நடந்திருக்கலாம், இரண்டாம் நாளும் அது அங்கே இருந்ததே என்பேன்.

பதிவு எண் 171
ஜூன் 19, புதன்கிழமை, பகல் 12.10.

நாசிரா அழைத்தாள். "அத்தை வீட்டைக் காலி பண்றாங்கப்பா. தனியா இருக்கப் பயமா இருக்காம். எங்க வீட்டுக்கே வந்துடறாங்களாம். இருபத்து நாலாம் தேதி சாமான் கட்ட ஆள் வருது."

24 என்றால் திங்கள். அதற்கு முன் ஒரு ஞாயிறு இருக்கிறது.

பதிவு எண் 175
ஜூன் 23, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 2.50.

காலை 11.15க்கு அவள் வீட்டை அடைந்தேன். நான்காம் மாடி. ட்யூபைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துச் சென்றிருந்தேன். கூடத்தில் அட்டைப்பெட்டிகள், ஒவ்வொன்றின் மேலும் உள்ளே இருப்பவற்றின் பட்டியல்.

தேநீர் ஊற்றினாள். நான் குடிக்காமல் பொட்டலத்தை மேசைமேல் வைத்துப் பிரித்தேன்.

"என்னண்ணே இது, எனக்கா? நான்தான் வரலியே."

"உன்னோடதுதான். போன வருஷம் நீ வெச்ச ரெண்டாவது ட்யூப். டிக்கி அடுக்கறப்போ நான்தான் எடுத்து உள்ளே வெச்சேன்."

கையிலெடுத்தாள். திருப்பினாள். மூடியின் ஓரத்தில் அவள் வழக்கமாக இடும் சிவப்பு மைப் புள்ளி இருந்தது. மருந்துப் புட்டிகளில் இடும் அதே புள்ளி.

"எப்போ தெரிஞ்சுது?"

"அப்பவே தெரியும்."

"கொப்புளம் வந்தப்பவுமா?"

"அப்பவும்."

சன்னல் பக்கம் போய் நின்றாள். எவ்வளவு நேரம் என்று நான் கடிகாரம் பார்க்கவில்லை. திரும்பியபோது, வாழ்நாளில் முதல் தடவையாக என்னை ஒருமையில் பேசினாள்.

"அடுப்பை அணைச்சேனான்னு பாதி வழியில இருந்து திரும்பி இந்த நாலு மாடியையும் எத்தனை தடவை ஏறியிருக்கேன் தெரியுமா உனக்கு? என் பேரு, விலாசம் எழுதி ஒவ்வொரு கோட்டுப் பையிலயும் வெச்சிருக்கேன். விழுந்து கிடந்தா யாராவது கொண்டு வந்து விடட்டும்னு. கணக்குப் புலியாச்சே, சொல்லு. எத்தனை நாளு?"

"முந்நூற்று நாற்பத்தெட்டு," என்றேன். கேள்விக்கு விடை சொல்லிவிட்டேன். அவள் விடை கேட்கவில்லை என்பது சொன்ன பிறகே புரிந்தது.

"வாயை மூடு அண்ணே."

மூடினேன்.

பிறகு பெட்டி ஒன்றின் ஒட்டுத்தாளைச் சர்ரென்று கிழித்தாள். உள்ளிருந்து சமையல் பாத்திரம் ஒன்றை எடுத்து, அலமாரியில் அது முன்பு இருந்த இடத்திலேயே வைத்தாள். "நாளைக்கு ஆள் வர வேண்டாம்னு உன் பொண்ணுகிட்ட நீயே சொல்லு. ஏன்னும் சொல்லு. மாப்பிள்ளையும் கேட்கட்டும். அப்புறம் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடு. தலைமை டாக்டர் எதிர்ல, ஏழு பேர் நிக்க, 'எனக்கு மறதி வந்துடுச்சு'ன்னு சொல்லிட்டு வந்தவ நான்."

மன்னிப்பு என்ற சொல்லை நான் உச்சரிக்கும்போது அவள் உள்ளறைக்குப் போய்விட்டிருந்தாள்.

பதிவு எண் 176
ஜூன் 24, திங்கட்கிழமை, இரவு 8.00.

நாசிராவிடமும் எமிலிடமும் சொன்னேன். எமில் ஒரு நகைச்சுவையும் சொல்லவில்லை.

பதிவு எண் 179
ஜூன் 27, வியாழக்கிழமை, காலை 10.25.

திருத்திய கணக்கு. நான் நிழலில் இருப்பவன்: 1 ட்யூப். நாசிரா, எமில்: ஆளுக்கு 4. புருல்: 210 மில்லி, ஆதலால் 3. மொத்தம் 12. அவளுடைய மூன்றையும் எமில் கொண்டுபோய்க் கொடுத்தான். வாங்கிக்கொண்டாளாம். வருகிறேன் என்று சொல்லவில்லை. என்னிடம் நான்கு நாட்களாகப் பேசவும் இல்லை.

இவ்வாண்டு டிக்கி அடுக்குவது நாசிரா.

பதிவு எண் 183
ஜூலை 1, திங்கட்கிழமை, மாலை 4.30.

புருல் 3.40க்கு அந்த ட்யூபோடு வந்தாள். உறையை ஒட்டுமுன் கடிதத்தைப் படிக்க வேண்டும் என்றாள். கண்ணாடி அணிந்து இரு முறை படித்தாள். நகல் கீழே.

தலைமை மருத்துவர் அவர்களுக்கு,

தங்கள் தடுப்பூசி அறையில் நாற்பது ஆண்டுகள் பணியாற்றிய செவிலி புருல், தமக்கு மறதி ஏற்பட்டுவிட்டதாகக் கூறி 2023 செப்டம்பர் 4 அன்று விலகினார். அவர் மறக்கவில்லை. அவர் வைத்த பொருளை நான் எடுத்தேன். எடுத்ததை அறிந்திருந்தும் அவர் மறந்துவிட்டதாக நானே கூறினேன். 348 நாட்கள் அதைத் திருத்தவில்லை. அவருடைய நினைவாற்றலில் குறை ஏதும் இருந்ததாகத் தங்கள் பதிவேட்டில் எழுதப்பட்டிருப்பின், அக்குறை என் நேர்மையினுடையது என்று திருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

ஜோல்டோஷ் கெரிம்பாயெவ்
எடை அளவு ஆய்வாளர் (ஓய்வு)

இணைப்புகள்:
1. என் நாட்குறிப்பின் 2023 ஜூலை 8ஆம் நாள் பக்கம், நகல். ('புருலின் பையில் ட்யூப் மிகை. ஒன்றை எடுத்து வைத்தேன்.')
2. சன்ஸ்கிரீன் தேவைக் கணக்கு, ஒரு தாள். அவர் வைத்த அளவே பொருத்தமானது என்பதற்கு.
3. மேற்படி ட்யூப், 100 மில்லி, திறக்கப்படாதது.
4. பணிக்குத் திரும்ப விரும்பி என் தங்கை எழுதிய விண்ணப்பம், அவர் கையொப்பத்துடன். (இதைப் பட்டியலில் சேர்க்க நான் மறந்திருந்தேன். அவரே சுட்டிக்காட்டினார்.)