கண்ணையாவுக்கு யார் பொறுப்பு?

பெருந்துறை,
நவம்பர் 3

என் செல்லக் கண்ணு கிருபாவுக்கு,

மில் இரண்டாம் கேட் செக்யூரிட்டி ஆறுச்சாமி, அதாவது உன் அப்பன், எழுதிக்கொள்வது. நான் சுகம். ஒன்பதாவது ஃபெயிலான கையெழுத்து, பொறுத்துப் படி. டூட்டியில் செல்போனைத் தொடக் கூடாது என்று புது உத்தரவு. பேனாவைத் தொடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. லீவில் வீட்டுக்குப் போகிறபோது பேசலாம் என்றால், நான் வாயைத் திறப்பதற்குள் உங்கம்மா பூவாத்தாள் போனை வாங்கிப் பேசி வைத்தும்விடுகிறாள்.

நீ எஸ்.ஐ. எழுத்துத் தேர்வில் பாஸ் ஆன சந்தோஷத்தில் ஒரு காரியம் செஞ்சுபோட்டேன். தொண்டாமுத்தூரில் நம் வீதி முனையில் பெரிய ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டேன். ‘வருங்கால சப்-இன்ஸ்பெக்டர் கிருபா.’ முகம் உன்னுடையது. உடம்பு, ஸ்டுடியோக்காரர் எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய ஆம்பளை இன்ஸ்பெக்டருடையது. கொஞ்சம் தொப்பை தெரிகிறது. “அம்மணிக்கு ஹாஸ்டல் சோறு ஒத்துக்கிச்சாட்ட இருக்குது” என்கிறாள் உங்கம்மா.

நேற்று ஞாயிற்றுக்கிழமை லீவில் வீட்டுக்குப் போனால், பக்கத்துத் தோட்டத்துக் காளியாத்தாள் அக்கா காத்திருக்கிறார். வாழையெல்லாம் முறிஞ்சு கிடக்குதாம். “ஏனுங்க, அம்மணி வந்ததும் ஒரு கேசு எழுதிக்கச் சொல்லுங்க.” யார் மேலே என்று கேட்டேன். “அந்த ஒத்தக் கொம்பன் யானை மேலதானுங்க.”

இன்னொரு சேதி. இன்று காலை கண்ணையா என்று ஒருவர் கேட்டுக்கு வந்தார். தறி ஓட்ட ஆள் வேண்டும் என்ற போர்டைப் பார்த்தாராம். இதுக்கு முன்னால் எங்கே வேலை என்று கேட்டேன். “கோயமுத்தூர் ஜெயில்லீங்க. மூணு வருசம். தறி ஓட்ட அங்கதான் கத்துக்கிட்டனுங்க” என்றார். எஸ்.ஐ.யைப் பெற்ற அப்பன் அல்லவா, மேனேஜரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நானே திருப்பி அனுப்பிவிட்டேன். ரெஜிஸ்டரில் ‘அனுமதி இல்லை’ என்று எழுதினேன். பார்த்தாயா, இப்போதே நம் வீட்டில் போலீஸ் ரத்தம் ஓட ஆரம்பித்துவிட்டது.

பதினெட்டாம் தேதி உடல்தகுதித் தேர்வில் நீயும் நன்றாக ஓடு. முட்டை சாப்பிடு.

உன் அப்பன்,
ஆறுச்சாமி


கோவை,
நவம்பர் 5

அன்பான அப்பாவுக்கு,

ஃப்ளெக்ஸ் போட்டோவை அம்மா அனுப்பினாங்க. ஹாஸ்டலே சிரித்தது. காளியாத்தாள் அத்தையிடம், யானை விஷயமெல்லாம் ஃபாரஸ்ட் ஆபீஸில்தான் சொல்ல வேண்டும் என்று சொல்லிவிடுங்க.

போனில் சொல்ல முடியாத ஒன்றை இதில் எழுதுகிறேன். கிரிமினாலஜி படித்தால் காக்கிதான் என்று நினைக்கிறீங்க. என் ரூமில் இருக்கும் லாஸ்யா, பேங்கில் மோசடியைக் கண்டுபிடிக்கிற பிரிவுக்குப் போகிறாள். கூடப் படிக்கும் நவநீத்துக்குத் தடயவியல் ஆய்வகம்தான் ஆசை. ரத்தத்தைப் பார்த்தால் அவனுக்கு மயக்கம் வரும், அது வேறு விஷயம்.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. போன வருஷம் பயிற்சிக்காகச் சிறைக்குப் போனேன் இல்லீங்களா, அப்போதிருந்தே மனசில் இருக்கிறது. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு அமைப்பு இருக்கிறது. தண்டனை முடிந்து வருகிறவர்களுக்கு வேலையும் தங்க இடமும் தேடித் தருகிறார்கள். அவர்களுக்காக நாலு இடத்தில் போய்ப் பேசுகிறார்கள். என்னை நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதுவும் பதினெட்டாம் தேதிதான், அதே காலை நேரம். ஒன்றுக்குத்தான் போக முடியும். எனக்கு நேர்காணலுக்குப் போக ஆசை. ஆனால் உங்க மனசு ஒப்பாமல் போக மாட்டேன்.

அப்புறம் அந்தக் கண்ணையா. வேறு ஏதாவது மில் பேரை அவர் பொய்யாகச் சொல்லியிருக்கலாம், இல்லீங்களா அப்பா? சொல்லவில்லை.

அன்புடன்,
கிருபா


பெருந்துறை,
நவம்பர் 8

கண்ணு கிருபாவுக்கு,

உன் லெட்டரை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. இரண்டாம் தடவை பசி வந்தது. சாப்பிட்டுவிட்டு மூன்றாம் தடவை படித்தால் மறுபடியும் கோபம்தான்.

வேண்டாம் கண்ணு. ஓடு. ஊரில் கேட்டால் நான் என்ன சொல்வது? ஜெயிலுக்குப் போய் வந்தவங்களுக்கு என் பொண்ணு வேலை தேடிக் குடுக்கிறாள் என்றா? “மொதல்ல உம் பொண்ணுக்கு ஒரு வேலை தேடுங்கப்பா” என்பார்கள்.

சிரிப்பை விடு. உங்க தாத்தா தோட்டத்தில் கூலிக்கு நின்ற காலத்தில், போலீஸ் ஜீப் சத்தம் கேட்டால் வாழைக்குள் போய் ஒளிந்துகொள்வார். ஒரு தப்பும் செய்தவர் இல்லை. ஆனாலும் ஒளிவார். நானும் கூடவே ஒளிந்திருக்கிறேன். அந்த ஜீப்பின் முன்சீட்டில் நீ உட்கார்ந்து நம் வீதிக்குள் வர வேண்டும். எனக்கு அவ்வளவுதான் ஆசை.

கண்ணையாவைப் பற்றி நீ எழுதிய கடைசி வரியை மட்டும் எழுதாமல் இருந்திருக்கலாம். அதற்கப்புறம் இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

உன் அப்பன்,
ஆறுச்சாமி


கோவை,
நவம்பர் 10

அன்பான அப்பாவுக்கு,

சரிங்கப்பா. ஓடுகிறேன். இன்று காலை கிரவுண்டில் ஓடிப் பார்த்தேன், நேரம் சரியாக வருகிறது. நேர்காணலுக்கு வரவில்லை என்று பதினேழாம் தேதி போன் செய்து சொல்லிவிடுகிறேன். தாத்தா ஒளிந்த கதை எனக்குத் தெரியாதுங்க. கோபம் எதுவும் இல்லை, நீங்க நன்றாகச் சாப்பிடுங்க.

கேட் ரெஜிஸ்டரில் வந்தவங்க போன் நம்பரும் எழுதி வாங்குவீங்க இல்லீங்களா?

அன்புடன்,
கிருபா


பெருந்துறை,
நவம்பர் 15

அம்மணி கிருபாவுக்கு,

பதினேழாம் தேதிக்குள் கிடைக்க வேண்டும் என்று இதைக் கூரியரில் போடுகிறேன். நீ யாருக்கும் போன் செய்ய வேண்டாம்.

ரெஜிஸ்டரில் நம்பர் இருந்தது. கண்ணையாவைக் கூப்பிட்டேன். விஜயமங்கலத்தில் ஒரு இரும்புக்கடையில் சுமை தூக்கிக்கொண்டு இருந்தார். மறுநாளே வந்தார். “அன்னைக்கு உங்களத் திருப்பி அனுப்புனது நாந்தானுங்க, தப்புங்க” என்றேன். “அட உடுங்க. நீங்களாச்சும் பேரு கேட்டு எழுதிக்கிட்டீங்க. மத்த கேட்டுல கையை ஆட்டியே தொரத்திப்போட்டாங்க” என்றார். நான்கு அறை விட்டிருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது.

மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொல்லித்தான் கூட்டிப்போனேன். தறியில் நிறுத்திப் பார்த்தார். நூல் அறுந்த இடத்தில் கண்ணையா முடிச்சுப் போட்டதை நான் பார்க்கவே இல்லை, அவ்வளவு வேகம். மேனேஜர் தலையை ஆட்டினார். “கை நல்லாத்தான் ஓடுது. நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா யாருங்க பொறுப்பு?”

கண்ணையா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கேள்வி நிறைய இடத்தில் அவர் காதில் விழுந்திருக்கும் போல. “நானுங்க” என்று ஒரு குரல் கேட்டது. யாரடா அது என்று பார்த்தால், என் வாய்.

உடனே ஒரு பேப்பரை நீட்டிவிட்டார்கள். பேனாவை அழுத்திக் கையெழுத்துப் போட்டதில் பேப்பர் லேசாகக் கிழிந்துபோனது. மூன்று நாளாக, அவர் வந்துவிட்டாரா என்று பார்க்கச் சங்கு ஊதுவதற்கு முன்னாலேயே கேட்டுக்கு ஓடுகிறேன். மூன்று நாளும் எனக்கு முன்னால் வந்து கேட்டில் நிற்கிறார்.

ஒரு ஆளுக்காக ஒரு கையெழுத்துப் போட்டதற்கே நான் இப்படி ஓடிக்கொண்டிருக்கிறேன். நீ இதையே வேலையாகச் செய்கிறேன் என்கிறாய். உனக்கு என்னைவிட நெஞ்சுரம் அதிகம் கண்ணு. அது யாரிடமிருந்து வந்தது என்று தெரியவில்லை, உங்கம்மாவாகத்தான் இருக்கும். ஜீப் ஆசை போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். கொஞ்ச நாள் வலிக்கும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஊருக்கும் நானே பதில் சொல்லிக்கொள்கிறேன்.

பதினெட்டாம் தேதி ஓட வேண்டாம். வேர்க்காமல் ஆட்டோவில் ஆர்.எஸ்.புரம் போ. நேர்காணலில், இந்த வேலையில் உனக்கு ஏதாவது முன் அனுபவம் இருக்கிறதா என்று கட்டாயம் கேட்பார்கள். திணறாதே. “எனக்கு இல்லீங்க. எங்கப்பாவுக்கு மூணு நாள் இருக்குதுங்க” என்று சொல்.

உன் அப்பன்,
ஆறுச்சாமி