துண்டுக்குள் பற்றிய கை

என் நினைவில் குடியிருக்கும் தம்பி வரதராசா,

நீ பர்மாக் காட்டில் மறைந்து பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. உன் திதிதோறும் விளக்கின் முன் நான் சொல்லிவந்த குறள் வெண்பா உனக்குக் கேட்டிருக்குமோ, அறியேன். ‘விட்டகை வெந்து விழுக’ என்று தொடங்கும் அது. காய்ச்சலில் கிடந்த உன்னை விட்டு ஓடினான் என்று ஊர் திரும்பிய சிப்பாய்கள் சொன்ன காசிமுக்கு நான் இட்ட சாபம். கோயிலில் சரணாகதியைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற நாவால்தான் அதையும் பாடினேன்.

போன வாரம் செவலைக் காளையை விற்கத் தளியிலிருந்து குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு ஓட்டிப்போனேன். வழக்கப்படி துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசத் தரகர் கை நீட்டினார். பற்றினேன். வலக்கையில் இரண்டு விரல்கள் இல்லை. கூட இருக்கும் காசிமுக்கு வெடியில் இரண்டு விரல் போயிற்று, நான்தான் கட்டுக் கட்டிச் சோறு ஊட்டுகிறேன் என்று நீ எழுதிய கடைசிக் கடிதம் நெஞ்சில் வந்து நின்றது.

“என்ன சாமி, மாட்டை விக்க வந்தீங்களா, என் கையை வாங்க வந்தீங்களா?” என்று, விடாத என் பிடியைப் பார்த்துத் தரகர் சிரித்தார்.

“உன் பேரு காசிமா? நான் வரதனோட அண்ணன்.”

சிரிப்பு நின்றது. கையை இழுத்தார், நான் விடவில்லை.

“தண்ணி மொண்டாறேன்னு சொல்லிட்டுத்தான் போனேன், சாமி. ஓடைக்கு அந்தாண்ட துப்பாக்கிச் சத்தம். பயந்துட்டேன். திரும்பிப் போவல. நான் கெளம்பறப்ப அவன் கண்ணு தொறந்துதான் இருந்துச்சு.”

இத்தனை ஆண்டுகள் நாவில் வைத்திருந்த சொல் அப்போது வெளிவந்திருக்கலாம். ஆனால் என் விரல்கள் அந்தத் தழும்பின்மேல் இருந்தன. உன் கட்டுக்குள் ஆறிய புண் அது. நீ ஆற்றியதையா நான் வெந்து விழச் சொன்னேன்?

“திதிக்கு வீட்டுக்கு வா” என்றேன்.

“நானா, சாமி? உங்க ஊட்டுக்குள்ளயா?”

“பின்ன, கையை மட்டுமா அனுப்புவே?”

காளை விற்கவில்லை, கொட்டிலில் நின்று அசைபோடுகிறது. முதற்சீரை அப்படியே வைத்து வெண்பாவை மாற்றிவிட்டேன்:

விட்டகை பற்றினேன் வெந்நெஞ் சடங்கிற்று
பட்டமரம் பூத்தது போல்.

உனக்கு இது சம்மதமா, தம்பி? தாகம் உன்னுடையதாயிருக்க, மன்னிக்க நான் யார்?

வரும் திதியன்று உன் படையலுக்கு வேண்டிய நீரை நம் கிணற்றிலிருந்து காசிமே மொண்டு வரட்டும். அவன் திரும்பி வரும்வரை நான் வாசலில் நிற்பேன்.

உன் தாகத்தை மறவாத,
உன் அண்ணன்