பெயர் சொல்லிக் கூப்பிடாத இடம்

அக்கா,

வெந்தயம் தேடி மேல்தட்டைத் துழாவியபோது கைக்கு வந்தது உங்கள் பிஸ்கெட் டின். மூடியைத் திறந்ததும் காய்ந்த மண்ணின் வாசம். ஒரு பக்கம் செம்மண், மறுபக்கம் மஞ்சள் மண், நடுவில் செய்தித்தாள் தடுப்பு. ஊதா மண் இல்லை. அதை எடுக்கத்தான் அன்றைக்கு நீங்கள் முன்னால் போனீர்கள். வெந்தயம் போடாமலே குழம்பைத் தாளித்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

நமக்கு நடைப்பழக்கம் வந்ததே இனிப்புநீர் வியாதியால்தான். டாக்டர் நம் இருவரையும் மிரட்டி அனுப்பினார். ஈப்போவில் பூங்காவுக்கா பஞ்சம்? பளபளவென்று உடுத்திக்கொண்டு நடப்பவர்களைப் பார்த்தாலே உங்களுக்கு மூச்சு வாங்கியது. அதனால் ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் என் மோட்டார் சைக்கிளில் ஏறிக்கொள்வீர்கள். ஊரைத் தாண்டி, மிச்சமிருந்த ரப்பர் மரங்களுக்குப் பின்னால் கிடக்கும் பழைய ஈயச் சுரங்கத்துக்குப் போவோம்.

அந்தக் காலத்தில் தண்ணீரைப் பீய்ச்சி மலையை அறுத்துவிட்டுப் போன பள்ளம் அது. அடியில் வெறும் வெள்ளை மணல், புல்கூட முளைக்காது. இருபுறமும் உயர்ந்த மண்சுவர்கள். வெளிச்சம் ஏற ஏற ஒவ்வொரு அடுக்காக நிறம் காட்டும். மேலே சிவப்பு, பிறகு மஞ்சள், அடியில் ஊதா. ரப்பர் மரம் இலை உதிர்க்கும் மாதங்களில் மேலிருந்து சிவந்த சருகுகள் பள்ளத்துக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். "பாஸ்போட் இல்லாமயே பாலைவனம் பாத்தாச்சுலா" என்று சொல்லிச் சிரிப்பீர்கள். பள்ளிக்கூடக் கேண்டீனில் வாரமெல்லாம் நின்று வீங்கிய கால் அந்த மணலில் மட்டும் வலிக்கவில்லை என்பீர்கள்.

உள்ளே போனால் உங்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. சுங்காய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நாம் வளர்ந்தபோது, பால்மரக் காட்டுக்குள் பெரியவர்கள் 'ஊ' என்று குரல் கொடுத்துத்தான் ஒருவரை ஒருவர் தேடுவார்கள். பெயரைச் சொன்னால் கேட்கக்கூடாத எதுவோ கேட்டுவிடும் என்று பயம். ரப்பரை வெட்டித் தோட்டம் செம்பனையாகி, நாம் ஃபிளாட்டுக்கு வந்து, நான் கையுறைத் தொழிற்சாலையில் காலந்தள்ளத் தொடங்கிய பிறகும் நீங்கள் அதை விடவில்லை. நான் கேலி செய்ததற்கு ஒருநாள் சொன்னீர்கள்: "நீ சிரி. ஆனா பேர இங்க விட்டுட்டு வந்துராத. திருப்பி வாங்க முடியாது."

எனக்கென்ன, அந்தச் சட்டத்தில் சிரமமே இல்லை. மூத்தவராயிற்றே, உங்களை நான் வெளியிலும் பெயர் சொல்லி அழைத்ததில்லை.

உங்கள் மகளுக்குக் கல்யாணம் நெருங்கியபோது, கோலத்துக்குச் சாயம் போட்ட அரிசி வாங்கிக்கொள்ளலாம் என்றாள் அவள். நீங்கள் கேட்கவில்லை. வாசலில் மயில் போடப்போவதாகவும், அதற்கு நிறமெல்லாம் அந்தச் சுவரே தரும் என்றும் சொல்லிவிட்டீர்கள். நீங்கள் பிடித்தால் உடும்புப் பிடிதான்.

நீண்ட வறட்சிக்குப் பிறகு முந்தின நாள் நல்ல மழை. மணல் இறுகி, நடக்கச் சுகமாக இருந்தது. அதை நல்லது என்றுதான் இருவருமே நினைத்தோம். பள்ளம் வளைகிற இடத்தில் என் சப்பாத்துக்குள் கல் புகுந்து நான் உட்கார்ந்துவிட்டேன். டின்னை என் மடியில் வைத்துவிட்டு ஒரு பிளாஸ்டிக் பையை உதறினீர்கள். "நீ மெதுவா வா. நான் போயி மயிலுக்குக் கழுத்து எடுத்துட்டு வாரேன்."

சத்தம் பெரிதாக இல்லை. லாரியிலிருந்து மண் கொட்டியதுபோல, ஒரே தடவை.

'ஊ' என்றேன். எப்போதும் நான் முடிப்பதற்குள் உங்களுடையது வந்துவிடும். வரவில்லை. வளைவைத் தாண்டினால், சுவர் நின்ற இடத்தில் வானம் தெரிந்தது. பாதை இருந்த இடத்தில் ஊதா மண் குவிந்து கிடந்தது. இரண்டு கையாலும் வாரினேன். வார வார மேலிருந்து சரிந்தது. அப்போதுதான் உங்கள் பெயரைக் கத்தினேன், அக்கா. என் வாழ்க்கையில் முதல் தடவையாக. எஞ்சியிருந்த சுவர்கள் அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லின. மண்ணுக்கடியிலிருந்து ஒன்றும் வரவில்லை.

தீயணைக்கும் பொம்பாக்காரர்கள் வந்து பெயரைக் கேட்டுக்கொண்டு, அவர்களும் அதைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் யாருக்குப் புரியும்? உச்சி வெயிலில் உங்களை வெளியே எடுத்தார்கள். நகக்கண்ணில் ஊதா மண். குளிப்பாட்டியபோது தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. அதோடுதான் உங்களை எரித்தோம்.

கல்யாணத்தைத் தள்ளிவைத்து ஆவணியில் நடத்தினார்கள். வாசலில் கோலம் வேண்டாம் என்று மகள் சொல்லிவிட்டாள். சுரங்கத்தைச் சுற்றி இப்போது வேலி. நான் பூங்காவில் நடக்கிறேன், அந்தப் பளபளப்புக்காரர்களோடு. பிடிக்கவில்லை.

உங்களுக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். உங்கள் பெயரையே வைத்திருக்கிறார்கள். மகளுக்கு ஞாயிறு வேலை என்பதால் பிள்ளை அன்று என்னிடம்தான் இருப்பாள். எல்லோரும் அவளைப் பெயர் சொல்லிக் கொஞ்சுகிறார்கள். போன வாரம் மகள் கேட்டே விட்டாள்: "ஏன் சித்தி, நீங்க மட்டும் பேரு சொல்லியே கூப்பிட மாட்டேங்கிறீங்க?" வாய்க்கு வரவில்லை என்று மழுப்பினேன். அந்தப் பெயரை ஒரு தடவை சொல்லிவிட்டுப் பதிலுக்காக நின்றவள் நான். இன்னொரு தடவை அப்படி நிற்க எனக்குத் தெம்பில்லை. அதை அவளிடம் எப்படிச் சொல்வேன்?

டின்னை மூடி மறுபடி மேலே வைத்துவிட்டேன். உள்ளே பிள்ளை புரண்டு விழிக்கிற சத்தம் கேட்கிறது. இருந்த இடத்திலிருந்தே 'ஊ' என்றேன். ஒவ்வொரு ஞாயிறும்போல, எழுதுவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன்.

பிறகு உள்ளேயிருந்து வந்தது, அக்கா. 'ஊ.'