அக்கரைக்கு ஐந்து நிமிடம்

இன்று காலை டோர்ட்மண்ட் துறைமுகப் பக்கம் நடந்தேன். ஒரு சரக்குப் படகு கிளம்ப, ஈரத்தோடு கலந்த டீசல் மணம் வந்தது. கால் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. கூட்டாளி, உம்மை எரித்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உமக்குத் தெரியும். நான் சொல்ல மகள் எழுதுகிறாள்.

அகதியாய் வந்த புதிதில் நம்மைக் கொண்டுபோய் இறக்கிய அந்த ஆற்றங்கரை ஊர். இரண்டு பக்கமும் மலை. பிற்பகல் மூன்று மணிக்கே வெயில் போய்விடும். சுரங்கம் மூடியபின் இளசுகள் பட்டணங்களுக்குப் போய்விட, மிஞ்சியது ஒரு தெரு, ரொட்டி விற்கும் ஒரு பாண் கடை, வெள்ளம் ஏறிய உயரங்களைக் கீறிவைத்த தேவாலயச் சுவர். சனிக்கிழமைகளில் எல்லோரும் வாசல் கூட்டுவார்கள், ஒரு சொல் பேசமாட்டார்கள். நாம் தெருவில் இறங்கினால் சன்னல் சீலைகள் அசையும். "பொலிசுக்குச் சொல்லத்தான் பாக்கினம்" என்றேன் நான். நீரும் நம்பினீர்.

உமது அக்காவை ஆற்றுக்கு அக்கரையில் போட்டிருந்தார்கள். அது வேறு மாவட்டம். அகதிக் கேஸ் முடியும்வரை அனுமதிக் கடிதம் இல்லாமல் நாம் எல்லை தாண்டக்கூடாது. அக்கா ஆஸ்பத்திரியில் கடுமையாய்க் கிடக்கிறா என்று தகவல் வந்த அன்றே, நம் நாட்டில் தபால் கந்தோரில் வேலை பார்த்து, இவர்களின் பாஷையையும் கொஞ்சம் பிடித்துக்கொண்ட நீர், விண்ணப்பம் எழுதிக் கொடுத்தீர். ஆஸ்பத்திரிச் சன்னல்கள் நமது கரையிலிருந்தே தெரிந்தன. கார்களையும் ஆட்களையும் ஏற்றிப்போகும் இரும்புத் தெப்பத்தை நம் ஊர் வழக்கில் பாதை என்றுதான் சொன்னோம். ஐந்து நிமிடத்தில் அது அக்கரை சேரும்.

பாண் கடைக்காரிக்கும் விஷயம் தெரிந்திருந்தது. உமது தோளைத் தொட்டு, ஆற்றுப் பக்கம் கையைக் காட்டினாள், போ என்று.

"அண்ணை, போயிட்டு உடனை வாறன்."

"விசரே உமக்கு? அவளுக்கென்ன, அவளின்ரை ஊர். பிடிபட்டால் கேஸ் பழுதாப் போம். திருப்பி அனுப்பினால் நேரை ஆமியின்ரை கையிலைதான்."

"கடலிலை வலை போட்ட ஆள் நீங்கள். இந்த வாய்க்காலுக்குப் பயப்பிடுறியள்."

"எனக்குத் தண்ணியிலை பயமில்லை, முத்திரையிலைதான். கடுதாசி வரட்டும். பொறும்."

நீர் பொறுத்தீர். அந்தச் சன்னல்களைப் பார்த்துக்கொண்டு கரையில் நின்றீர். மூன்றாம் நாள் அக்கா போய்விட்டா. ஐந்தாம் நாள் கடிதம் வந்தது.

உம்மைத் தனியே விட மனமில்லாமல், கடிதம் இல்லாத நானும் பாதையில் ஏறினேன். நீர் கடிதத்தை நீட்டினீர். பாதைக்காரன் அதைப் பார்க்கவில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டு ஏதோ சொன்னான்.

"என்னவாம்?"

"தான் ஒருத்தரிட்டையும் கடுதாசி கேக்கிறேல்லையாம், அண்ணை. அஞ்சு நாளா நான் ஏறுவன் எண்டு பாத்துக்கொண்டிருந்தவராம்."

ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றீர்.

அதற்குப் பிறகு முப்பது வருடம் இந்த டோர்ட்மண்டில் ஒரே தெருவில் இருந்தோம். என் பிள்ளைகளின் கலியாணத்துக்கு முதல் ஆளாய் வந்தீர். ஒரு நாளாவது, குடித்த நேரத்திலாவது, ஏசியிருக்கலாம். ஏசியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். நீர் ஏசவில்லை, நான் கேட்கவுமில்லை. கேளாத மன்னிப்பு நெஞ்சுக்குள் கல்லாய்க் கிடக்கிறது. அதைத் தரக்கூடியவர் நீர் ஒருவர்தான்.