பெடலா, பாதமா

ஜனவரி 12, திங்கள்

காலையில் வேனை எடுக்கும்போது கிளட்ச் பெடல் மிதித்த இடத்திலேயே கிடந்தது. காலை ஆட்டி, உதறி, ஒருவழியாக மேலே வந்தது. மழை ஈரம், பழைய வேன், வேறென்ன என்று சொல்லிக்கொண்டேன். புக்கிட் பாஞ்சாங் வீட்டிலிருந்து தேக்கா பூக்கடை வரை முனகிக்கொண்டே போனேன். கடையில் பூ இறக்கிவிட்டு மத்தியானம் எடுத்தால் ஒரு குறையும் இல்லை.

ஜனவரி 13

இன்றும் அதே கூத்து. காலையில் ஒட்டுகிறது, வெயில் ஏறினால் விடுகிறது.

என் இடது காலும் அப்படித்தான்.

எழுதிவிட்டேன். எழுதாமல் இருந்தால் மட்டும் இல்லையென்று ஆகிவிடுமா? ஆகஸ்டில் பக்கவாதம் வந்து இடது பக்கம் மரக்கட்டையாகக் கிடந்தவன் நான். டிசம்பரில்தான் டாக்டர் ஓட்டலாம் என்றார். உள்ளங்காலில் உணர்வு இன்னும் முழுதாக வரவில்லை. கால் மறுபடி சொன்ன பேச்சைக் கேட்காவிட்டால் அன்றே சாவியைக் கொடுத்துவிடுகிறேன் என்று என் மனைவி வசந்தாவின் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறேன். வேன் இல்லாமல் எனக்கு என்ன வேலை? கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டவா?

அப்புறம் பார்த்தால், என்ன ஏற்பாடு இது! தலைக்குள் எங்கோ ஒரு நினைப்பு. கீழே காலின் கட்டைவிரல் அசைகிறது. அந்த விரல் அழுத்த, ஒல்லிக் குழாயில் கொஞ்சம் எண்ணெய் நகர, அத்தனை பெரிய எஞ்சின் சக்கரத்தை விட்டு விலகி நிற்கிறது. முப்பது வருஷம் ஓட்டியிருக்கிறேன், ஒருநாளாவது வாயைப் பிளந்து பார்த்தேனா?

இப்போது எது எழ மாட்டேன் என்கிறது? நான் காலைத் தூக்கினேனா, தூக்கியதாக நினைத்தேனா? வண்டியை நிறுத்திவிட்டுக் குனிந்து கையால் அமுக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பார்க்கவில்லை.

ஜனவரி 14

பொங்கல் கூட்டம். சிராங்கூன் ரோடு சிக்னலில் பச்சை விழுந்தது. கிளட்ச் பெடல் மேலே வரவில்லை. எஞ்சின் கத்துகிறது, வேன் நகரவில்லை, பின்னால் பஸ்காரன் ஹாரன். திடீரென்று விட்டது — வேன் துள்ளியது — முன்னால் கரும்புக்கட்டோடு ஒரு அம்மா. பிரேக்கை மிதித்துவிட்டேன். ஒன்றும் ஆகலை. ஐயோ, ஒன்றும் ஆகலை. அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாங்க, அதுதான் தாங்கலை.

தேக்கா கார் பார்க்கில் வேனைப் போட்டுவிட்டு எம்ஆர்டி ரயிலில் வீட்டுக்கு வந்தேன். ரோடெல்லாம் ஜாம், அங்கேயே விட்டுட்டேன் என்று வசந்தாவிடம் புளுகினேன்.

ஜனவரி 15

பொங்கல். எல்லோரும் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் என் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 16

வசந்தாவிடம் பிடிபட்டேன். பல் விளக்கும்போது ஏன் காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறீங்க, வேன் ஏன் இன்னும் தேக்காவுலயே கிடக்கு என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். வெயில் வருவதற்குள் பார்க்கணுமாம்.

கார் பார்க்கில் சாவியை வாங்கிக் கதவைத் திறந்தாள். தூணோரமாகப் போய் நில்லுங்க, கிட்ட வராதீங்க என்றாள். கோயிலுக்கு வெளியே நிற்பவன் மாதிரி நின்றேன். ஈரத் தரையில் மண்டி போட்டு, பெடலை உள்ளங்கையால் அமுக்கி, கையை எடுத்தாள். கொஞ்ச நேரம் அவள் முதுகு மட்டும் தெரிந்தது.

"ஏங்க, வந்து பாருங்க. உங்க காலு இங்க இல்லவே இல்ல."

பெடல் தரையோடு கிடந்தது. தன்னால்தான் கிடந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்து லாரிக்காரன் வேனுக்காக ஒருத்தன் இப்படி அழுவானா என்று பார்த்தான். பார்க்கட்டும் லா.

ஜனவரி 17

மெக்கானிக் நசீர் பாய் கார் பார்க்குக்கே வந்துவிட்டார். எங்கள் வேனை ஆதியிலிருந்து பார்ப்பவர். எண்ணெய் குறையவில்லை, எங்கும் கசியவில்லை என்றார். பெடலிலிருந்து கிளட்ச்சுக்குப் போகும் கம்பியைக் கழற்றிவிட்டுத் தனியாக அமுக்கினார், அப்போதும் ஒட்டியது. கிளட்ச்சில் ஒன்றுமில்லை, பெடல் தொங்கும் கீலில்தான் கோளாறு என்று உள்ளே சுரண்டினார். அரக்கு நிறத்தில் பிசின் வந்தது. முகர்ந்து பார்த்தார்.

"என்னண்ணே, முறுக்கு வாசம் வருது?"

நான் வசந்தாவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

ஆயுத பூஜை அன்றைக்கு நான் ஆஸ்பத்திரியில். இவள் தனியாக வேனைக் கழுவி, மாலை போட்டு, பெடலுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்திருக்கிறாள். கிளட்ச் கிரீச் என்றதாம். விளக்குக்கு வைத்திருந்த நல்லெண்ணெயை மிச்சம் மீதியில்லாமல் கீலில் ஊற்றியிருக்கிறாள். அதுதான் சந்தனமும் தூசியும் சேர்ந்து நாளாக நாளாக இறுகி, குளிரில் பிடிப்பதும் வெயிலில் இளகுவதுமாக என் உயிரை வாங்கியிருக்கிறது. நசீர் பாய் சிரித்துக்கொண்டே துடைத்து, கிரீஸ் வைத்தார். பெடல் டக்கென்று எழுந்தது.

பாய் போனபிறகு கார் பார்க் படியில் ஏன்டி ஊத்தின என்று கேட்டேன். நீங்க வந்து மிதிக்கறப்ப காலுக்கு லேசா இருக்கட்டும்னுதான் என்றாள்.

அப்போது அக்டோபர். என் கட்டைவிரல்கூட அசையவில்லை. ஓட்டுவேனா என்று கேட்டால் டாக்டர் பேச்சை மாற்றுவார். நானே சாவியை மறந்திருந்தேன். இவள் கிளட்ச்சுக்கு எண்ணெய் விட்டிருக்கிறாள்! என்ன மனுஷி இவள். இத்தனை வருஷம் இவளோடுதான் குடித்தனம் நடத்தினேனா?

பிப்ரவரி 1, தைப்பூசம்

விடியுமுன் மழை. மாலைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். டோபி காட் பக்கம் சிவப்பு விழுந்தது, மிதித்தேன். பச்சை. பாதத்தை எடுத்தேன், அதன் பின்னாலேயே பெடலும் எழுந்து வந்தது. காவடி வரிசை தூரத்தில் நகர்ந்துகொண்டிருந்தது. வசந்தா அதைப் பார்க்கவில்லை. குனிந்து என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.